நியாயப்படுத்துதல்

'நியாயப்படுத்துதல்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம், ஒன்றைச் சரியென்று சொல்லிவிட்டாலே அதை நியாயப்படுத்தியது ஆகுமா என்பது கேள்வி. 'நியாயம்' வடசொல். 'நி' என்ற முன்னொட்டோடு, செல்லுதலைக் குறிக்கும் 'இ' என்ற வேர் சேர்ந்தது. முறை, நெறி என்பது முதற்பொருள். பிறகு தருக்கத்துக்கே அது பெயராயிற்று. பேச்சில் ஞாயம், நாயம் என்றும் வழங்கும். கொங்கு வட்டாரத்தில் 'நாயம் பேசுவது' திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான். காரணம் காட்டும் பேச்சு அங்கே வெறும் பேச்சாகிவிட்டது. வாய்விட்டுச் சொன்னதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிட்டதாக நினைப்பவர்களும் இப்படித்தான் சறுக்குகிறார்கள்.

மணிமேகலையின் 29ஆம் காதை வாதத்துக்கு ஐந்து உறுப்பு சொல்கிறது: பக்கம் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுதல்), நிகமனம் (முடிவு). 'இம்மலை நெருப்புடைத்து' பக்கம், 'புகையுடைத்து ஆதலால்' ஏது, 'அடுக்களை போல்' திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கிவிடும் என்பதால் குறைந்தது முதல் மூன்றும் வேண்டும். ஒருவர் சொல்லும் கருத்து இதில் பக்கம் மட்டுமே. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் பக்கத்தின் பெயர் மேற்கோள். (இன்று அந்தச் சொல்லுக்கு அடுத்தவர் வாக்கு என்று பொருள், பெரியவர் வாக்கைக் காட்டித் தப்பிப்பவர்களுக்கு வசதிதான்.)

பக்கத்து வீட்டு முருங்கையை வெட்டியவர், "இந்த மரம் இங்க கூடாதுன்னு அப்பவே சொன்னேனே" என்கிறார். 'வெட்டியது சரி' என்பது பக்கம். 'அப்பவே சொன்னேன்' ஏதுபோலத் தெரிகிறது. ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்த தவறுகளும் ஏராளம். சரியிலும் தவறிலும் ஒருங்கே காணப்படும் காரணம் எதையும் நிறுவாது. அநைகாந்திகம் என்ற ஏதுப்போலி, அதாவது காரணம்போலத் தோன்றும் போலி, அது. 'கிளை முறிந்து மின்கம்பிமேல் தொங்கியது' என்றால் ஏது கிடைத்துவிட்டது, சோதித்தும் பார்க்கலாம். கிளை முறியவே இல்லையென்றால் அது அசித்தம், காரணமே மெய்யாகாத இன்னொரு போலி. முறிந்திருந்தாலும், கிளையைக் கழித்தால் போதாதா, மரத்தையே ஏன் சாய்த்தார் என்ற கேள்வி நிற்கும்.

'படுத்து' என்ற துணைவினையும் கவனிக்கத்தக்கது. அழுக்கானதைத்தான் சுத்தப்படுத்துகிறோம். 'நியாயப்படுத்தினார்' என்றதும் அங்கே நியாயம் இல்லை என்ற வாடை வருவது இதனால்தான்.

எனவே ஒரே நிகர்ச்சொல் போதாது. நியாயத்துக்கு முறை, தகவு இரண்டும் பொருந்தும். 'தக்கார் தகவிலர்' என்ற 114ஆம் குறளில் தகவு நடுவுநிலைமை. மெய்யான காரணம் காட்டியிருந்தால் 'சரியென நிறுவினார்' என்று எழுதலாம். சாக்குச் சொல்லியிருந்தால் 'சப்பைக்கட்டு கட்டினார்'. 'தாக்குதலை நியாயப்படுத்திப் பேசினார்' என்ற செய்தியில் பேசியவர் ஏது எதுவும் தரவில்லையென்றால், 'தாக்குதல் சரியே என்றார்' போதும்.