சொல் விளக்கம்: திறமூலம்

ஓப்பன் சோர்ஸ் என்பதற்குத் தமிழில் திறமூலம். ஒரு மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் அதன் உரிமம் இடம் தந்தால் அது திறமூல மென்பொருள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது.

இராமநாதபுரம் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடைகளுக்கும் மீன் கம்பெனிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: “இது ஓப்பன் சோர்ஸா, கமர்ஷியலா?” கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது இலவசமா, காசு கொடுக்க வேண்டுமா என்பதைத்தான். திறமூலம் என்றால் இலவசம், வணிக மென்பொருள் என்றால் விலைக்கு விற்பது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டோம். அந்த ஜோடியே தவறு. தவறு எங்கே தொடங்கியது என்று பார்க்க, சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூலம் என்பது வேர் என்று பொருள்படும் வடசொல். தமிழில் கலந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் யாரும் அதை அயலாக நினைப்பதில்லை. மூலிகை, மூலதனம், மூலவர் எல்லாம் அதன் கிளைகள். இராமேசுவரத்தில் கருவறையில் இருப்பவர் மூலவர், வீதியுலா வருபவர் உற்சவர். இடம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது மூலப்பத்திரம். ஆகவே மூலநிரல் என்று சொன்னால் கணினி தெரியாதவருக்கும் பாதி விளங்கிவிடுகிறது. மற்றப் பாதி நிரல். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. பள்ளியில் படித்த நிரல்நிறை அணியில் இருப்பதும் இதே நிரல்தான். கணினிக்கு இடும் கட்டளைகளை வரிசையாக எழுதுவதால் அது நிரல், எழுதுபவர் நிரலர்.

மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூலநிரல். அதைக் கணினி இயக்கும் வடிவமாக மாற்றிய பிறகு, அதிலிருந்து எழுதியவரின் எண்ணத்தை மீட்டெடுப்பது மிகக் கடினம். விற்பவர்கள் பெரும்பாலும் நமக்குத் தருவது இந்த இரண்டாவது வடிவத்தை மட்டும்தான்.

ஆங்கிலத்தின் சோர்ஸ் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்கு அடியில் இருப்பது மேலெழுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை. நீர் மேலெழும் இடமே அதன் முதற்பொருள். அதனால் தமிழ்க் கணிமையில் சிலர் திறவூற்று என்ற சொல்லை ஆண்டார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் தீராத விருப்பம். தனுஷ்கோடி மணலில் பள்ளம் பறித்துக் குடிநீர் எடுத்தவர்களுக்கு ஊற்று வெறும் அகராதிச் சொல் இல்லை. ஆனால் அது பரவவில்லை. மூலநிரல் நிலைத்துவிட்ட பிறகு திறமூலம் என்பதே அதனோடு ஒத்துப் போகிறது.

திறந்த மூலம் என்றும் எழுதுகிறார்கள், அதில் பிழையில்லை. எனினும் திறமூலத்தில் ஓர் அழகு உண்டு. அது வினைத்தொகை. திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இன்று திறந்து வைத்துவிட்டு நாளை மூடிக்கொள்ளும் உரிமங்களைப் பார்த்துச் சலித்தவன் என்ற முறையில், அந்த எதிர்காலம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெடுங்காலம் திறமூலமாக இருந்த, சேவையகங்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற கருவியின் உரிமத்தை அதன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் மாற்றியது. நிரலை இன்னும் பார்க்கலாம், ஆனால் நிறுவனத்துக்குப் போட்டியான தொழிலில் பயன்படுத்தக் கூடாது. பார்க்க மட்டும் விடுவது திறமூலம் ஆகாது. பழைய உரிமத்தில் ஏற்கெனவே வெளிவந்திருந்த நிரலை எடுத்து வேறு சிலர் ஓப்பன்டோஃபு என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். கொடுத்த உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாததால்தான் அது இயன்றது.

இனி கட்டற்ற மென்பொருள். இது திறமூலத்துக்கு மூத்த கருத்து. ஆரம்ப காலத்தில் மென்பொருள் பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது, தனி விலை இல்லை. 1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனியாக விலை வைக்கப் போவதாக அறிவித்தது. 1976இல் இளைஞரான பில் கேட்ஸ், பேசிக் என்ற நிரல்மொழிக்கான தம் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பவர்களைச் சாடி ஒரு திறந்த மடல் எழுதினார். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்ற அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. நிரல் எழுதிப் பிழைப்பவன் நான், அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியாது.

அமெரிக்க நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுப்பியது வேறு கேள்வி. அவர் வேலை பார்த்த எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கும். சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் போகும்படி முந்தைய அச்சுப்பொறியின் நிரலை அவர் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அச்சுப்பொறிக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, பழுது கண்முன் இருக்கிறது, திருத்தத் தெரிந்தவரும் இருக்கிறார். திருத்த அனுமதி மட்டும் இல்லை. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன், முழுக்கக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. இயக்கவும், படித்து மாற்றவும், நகல் கொடுக்கவும், மாற்றியதைப் பரப்பவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்று அந்த இயக்கம் வரையறுத்தது. அந்த நான்கு உரிமைகளுக்கும் பூச்சியத்திலிருந்து எண் உண்டு.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் ஃப்ரீ சாஃப்ட்வேர். அந்த மொழியில் ஃப்ரீ என்றால் விடுதலை, இலவசம் இரண்டும்தான். வணிகர்கள் இலவசம் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிய சிலர் இந்தக் குழப்பம் இல்லாத பெயர் ஒன்றைத் தேடினார்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரை முன்மொழிந்தவர் கிறிஸ்டின் பீட்டர்சன். ஆக, திறமூலம் என்ற சொல்லின் பிறப்பே ஆங்கிலத்தின் ஒரு குறையை ஈடுகட்டத்தான். தமிழில் அந்தக் குறை கிடையாது. விலை இல்லாதது இலவசம், தளை இல்லாதது கட்டற்றது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று சொல்லிக்கொள்கிறது. இலவசக் கலைக்களஞ்சியம் என்று அது எழுதியிருந்தால் பொருளே மாறியிருக்கும்.

கட்டற்ற என்பது அடங்காத, ஒழுங்கற்ற என்ற தொனியைத் தருகிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. கட்டுமரம் கட்டும் கரையில் கட்டு நல்ல சொல் அல்லவா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இதே கரையில் கட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. படகு வாங்கவோ வலை வாங்கவோ வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், கடன் தீரும் வரை பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும். எடையும் விலையும் அவர் சொல்வதுதான். பக்கத்து ஏலக்கூடத்தில் நல்ல விலை போனாலும் அங்கே கூடையை இறக்க முடியாது. படகு இவருடையது, உழைப்பு இவருடையது, போகும் வழி மட்டும் இவர் கையில் இல்லை. மென்பொருளில் கட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

மண்டபம் பக்கம் ஒரு நண்டு வியாபாரியின் கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். எடைச்சீட்டு, படகு வாரியாகப் பற்று வரவு, முன்பணப் பாக்கி எல்லாம் ஒரு விலை மென்பொருளில் இருந்தன. விற்ற நிறுவனம் மூடிவிட்டது. கணினியின் பின்புறம் செருகும் சிறு பூட்டுச்சாவி பழுதாகிவிட்டது. சாவி இல்லாமல் மென்பொருள் திறக்காது. கோப்பை நகலெடுத்து வேறு வழியில் திறந்து பார்த்தோம். பெயர்கள் இருக்கும் இடத்தில் பொருள் விளங்காத குறிகள் வரிசை வரிசையாக நின்றன. கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தம்பி, பெட்டிதானே அவர்களுடையது? கணக்கு எங்களுடையது அல்லவா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அச்சிட்ட சீட்டுக் கட்டுகளைப் பிரித்து, லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் விரிதாளில் மறுபடியும் தட்டச்சு செய்துதான் பாக்கிகளை மீட்டார்கள். ஈரம் பட்டு மை கலைந்த சீட்டுகளின் கணக்கு போனது போனதுதான்.

அந்த வியாபாரி விலை கொடுத்ததில் எந்தக் குற்றமும் இல்லை. அவரைக் கெடுத்தது விலை அல்ல, கட்டு. வணிகம் என்ற சொல்லைத் திறமூலத்துக்கு எதிரே வைப்பதை நான் மறுப்பது இதனால்தான். அழகன்குளத்து மண்ணில் ரோமானியர் காசு கிடைத்த கரை இது. கீழக்கரை மரக்காயர்கள் கடல் கடந்து வணிகம் செய்த கரை. இங்கே வணிகம் வசைச்சொல் ஆகாது, மென்பொருளிலும் ஆகக் கூடாது. திறமூலத்தை விற்கலாம். அதை வைத்துச் சேவை செய்து சம்பாதிக்கலாம். லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஆதரவுச் சேவையோடு விற்றே வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 1969இல் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்த அதே ஐபிஎம்தான்.

மறுபக்கம், விலையில்லாத மென்பொருள் எல்லாம் கட்டற்றதும் அல்ல. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவருக்கு இரண்டும் விலையில்லாதவைதான். உள்ளே திறந்து பார்க்கவும், தமிழில் ஒரு சொல் பிழையாக இருந்தால் திருத்தி நண்பனுக்குக் கொடுக்கவும் ஒன்றில்தான் முடியும்.

அப்படியானால் கட்டற்றதற்கு எதிர்ச்சொல் எது? ஆங்கிலத்தின் புரொப்ரைட்டரி, உடைமை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பலரும் தனியுரிமை மென்பொருள் என்று எழுதுகிறார்கள். இதை மாற்ற வேண்டும். தனியுரிமை என்ற சொல் இப்போது அந்தரங்கத் தகவலைக் காக்கும் உரிமைக்கு நிலைத்துவிட்டது. செயலிகளில் எல்லாம் தனியுரிமைக் கொள்கை என்று பார்க்கிறோம். தனியுரிமை மென்பொருள் என்றால் அந்தரங்கத்தைக் காக்கும் மென்பொருள் என்று புதியவர் புரிந்துகொள்வார். தனியுடைமை மென்பொருள் என்பதே சரி. பொதுவுடைமைக்கு எதிராக எல்லோருக்கும் பழகிய சொல், ஆங்கிலச் சொல்லின் வேரோடும் பொருந்துகிறது. விலை வைத்து விற்பது, சேவையோடு விற்பது எதுவானாலும் அது வணிக மென்பொருள். அது தனியுடைமையாகவும் இருக்கலாம், திறமூலமாகவும் இருக்கலாம்.

இன்னொரு சொல்லும் இந்த வட்டத்தில் உண்டு. குனூ பொது உரிமம், நிரலை மாற்றி வெளியிடுபவர் தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் தர வேண்டும் என்கிறது. இந்த முறைக்கு அளிப்புரிமை என்று பெயர். பதிப்புரிமைச் சட்டத்தையே பிடியாகக் கொண்டு பகிர்வைக் கட்டாயமாக்கும் வழி இது. எம்ஐடி உரிமம் என்ற வேறோர் உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்தாது. எடுத்தவர் மூடியும் விற்கலாம். இரண்டும் திறமூலம்தான்.

திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்பதையும் நான் ஏற்பதில்லை. 2014இல், இணையத்தில் போகும் தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. உலகமே நம்பியிருந்த அந்த நிரலைப் பராமரித்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலில் ஒருவர் வேண்டுமென்றே கள்ளவழி வைத்திருந்தார். தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலர் அதைத் துருவித் துருவிக் கண்டுபிடித்தார். மூலநிரல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அவரால் துருவ முடிந்தது. அவர் துருவாமல் விட்டிருந்தால் திறமூலம் என்ற பெயர் யாரையும் காத்திராது. திறமூலம் வாய்ப்பைத் தருகிறது, உழைப்பை யாராவது தர வேண்டும்.

தனியுடைமை மென்பொருளை நானும் வாங்குகிறேன், வாங்கவும் சொல்கிறேன். விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் நிரல் மூடியதுதான். பாக் நீரிணையில் எல்லைக் கோடு எவ்வளவு அருகில் என்று இரவில் பார்ப்பவருக்கு, அது நம்பகமாக வேலை செய்வதும் பழுதானால் கரையில் ஒருவர் பொறுப்பேற்பதும்தான் முதன்மை. பல திறமூலத் திட்டங்களில் அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இல்லை. கையேடு தமிழில் இல்லை. அதை மறைப்பது திறமூலத்துக்குச் செய்யும் நன்மை அல்ல. ஆனால் கணக்கு, பட்டியல், பள்ளிப் பதிவேடு போல ஆண்டுக்கணக்கில் சேரும் தகவல் என்றால் நான் கட்டற்றதன் பக்கம்தான். மென்பொருளுக்கு வயது குறைவு, தகவலுக்கு வயது அதிகம்.

எழுதும்போது நான் பின்பற்றுவது இது. உரிமையைப் பற்றிப் பேசும் இடத்தில் கட்டற்ற மென்பொருள். நிரலையும் உருவாக்கும் முறையையும் பற்றிப் பேசும் இடத்தில் திறமூலம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கட்டற்ற திறமூல மென்பொருள். மூடியதற்குத் தனியுடைமை மென்பொருள். இலவசம் என்ற சொல்லை விலையைப் பற்றி மட்டும். கடைக்காரர்கள் என்னிடம் ஒப்பந்தம் கேட்டால் ஓப்பன் சோர்ஸா கமர்ஷியலா என்ற கேள்வியை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதித் தருகிறேன்: மூலநிரல் எங்களுக்கு உண்டா? நாங்களோ நாங்கள் அமர்த்தும் வேறொருவரோ அதை மாற்றலாமா? எங்கள் கணக்கை வேறு மென்பொருளில் திறக்கும் வடிவில், கேட்ட அன்றே தருவீர்களா?