மடைத் திறப்பும் மீன் ஏலக் கணக்கும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்த் தகராறுகளோடு என்னிடம் வருகிற வழக்குக் கட்சிக்காரர்கள் முதலில் தண்ணீர்ப் பற்றாக்குறையைத்தான் சொல்வார்கள். விசாரித்துக்கொண்டே போனால் மடையை யார் பேச்சுக்குத் திறக்கிறார்கள், மீன் ஏலப் பணம் யாரிடம் இருக்கிறது என்பதில் வந்து நிற்கும்.

மீன் குத்தகைதாரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்ற வேண்டும். அப்போதுதான் வலை வீச வசதி. கடைசி மடையில் பாசனம் செய்கிற கடைமடைக்காரருக்கோ கதிர் முற்றும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். ஏலம் விடுகிறவரே, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்கும் உத்தரவு போடுகிற ஊர்களில் கடைமடை காய்வதைப் பார்த்திருக்கிறேன். பணம் கோயில் திருவிழாவுக்குப் போனது என்பார்கள். போயிருக்கலாம். அந்தக் கணக்கை எல்லாத் தெருக்காரர்கள் முன்னும் வாசித்தார்களா? எந்தச் சாதிக்காரரும் ஏலம் கேட்க முடிந்ததா? இதற்குப் பதில் வராத ஊரில் எத்தனை முறை தூர்வாரினாலும் சண்டை தீராது.

2000ஆம் ஆண்டுப் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படியான சங்கங்களில் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், நில உரிமை உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். பட்டா கணவர் பெயரில் இருக்க, நாற்று நட்டுக் களை பறிக்கிற பெண்ணுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆடு மாடுகளுக்கு அந்தத் தண்ணீரையே நம்பியிருக்கும் நிலமற்றவருக்கும் இல்லை. இது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

அதனால்தான் கிராம சபையை விடாதீர்கள் என்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நிலம் வேண்டியதில்லை. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஏல வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சியோ அரசுத் துறையோ விட்ட ஏலமானால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

மனு எங்கே கொடுப்பது என்பதில் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்துக் கட்டடம் எழுப்பியவர் செல்வாக்கானவர் என்று தயங்க வேண்டாம். நெடுங்காலமாக அனுபவித்து வருவது, கட்டுமானச் செலவு, அரசியல் தொடர்பு எதுவுமே பொதுநில ஆக்கிரமிப்பை மன்னிக்கக் காரணமாகாது என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கால்வாயின் புலப்படமும் (நில அளவை வரைபடம்), புல எண்வாரியாக நில விவரம் உள்ள கிராமத்து அ-பதிவேட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.