வீண் உறுத்தல்: செருப்புக்குள் புகுந்த சிறு கல்

குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைச் செய்துவிட்டு வந்து, முழந்தாளிட்டுப் பரிகாரச் செபத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிலருக்கு ஒரு நினைப்பு குத்த ஆரம்பிக்கும். ‘அந்தப் பாவத்தைச் சரியாகச் சொன்னேனா? எத்தனை தடவை என்று சொன்னேனா? உண்மையாகவே மனம் வருந்தினேனா?’ திரும்பவும் வரிசையில் போய் நிற்பார்கள். அடுத்த வாரமும் அதே பாவம், அதே கேள்வி. நன்மை (நற்கருணை) வாங்க எழுந்தால் கால் பின்வாங்கும்.

இந்த நிலையை ஆங்கிலத்தில் ‘ஸ்குரூபிள்’ என்ற சொல்லால் குறிப்பார்கள். நாமோ ‘பாவ பயம்’ என்கிறோம், அல்லது ‘ரொம்ப பக்தி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இரண்டுமே பொருந்தவில்லை. பாவத்துக்கு அஞ்சுவது நல்லது. தெய்வ பயம் தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அந்த நல்ல சொல்லை ஒரு நோய்க்குச் சூட்டினால், அவதிப்படுகிறவர் தன் அவதியையே புண்ணியம் என்று நினைத்துக்கொள்வார்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் ‘ஸ்க்ரூபுஸ்’ என்றால் கூரான கல். அதன் சிற்றுரு ‘ஸ்க்ரூபுலுஸ்’, அதாவது கூரான சிறு கல். நடக்கிறவனின் செருப்புக்குள் புகுந்துவிட்ட பருக்கைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வோர் அடிக்கும் குத்தும். மனத்தில் குத்தும் கவலைக்கும் இந்தச் சொல்லையே சிசரோ காலத்து ரோமர்கள் பயன்படுத்தினார்கள். இதோடு பிறந்த இன்னொரு சொல் ஒரு மிகச் சிறிய எடையின் பெயர், ஓர் அவுன்சில் 24-இல் ஒரு பங்கு. பழைய மருந்துக் கடைகளிலும் அந்த எடை புழங்கியது. குத்துகிற கல், நுணுக்கமான எடை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த அவதியின் படம் முழுதாகத் தெரிகிறது. ஒன்றுமில்லாததையும் தராசில் வைத்து நிறுத்து நிறுத்துப் பார்க்கிற மனம் அது.

இந்தக் கல்லின் குத்தலை நன்றாக அறிந்தவர், இயேசு சபையை நிறுவிய புனிதர் லயோலா இஞ்ஞாசியார். 1522 மார்ச்சில் ஸ்பெயினின் மொன்செராத் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்து, மூன்று நாட்கள் எடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆனாலும் பக்கத்து ஊரான மன்ரேசாவுக்கு வந்தபின், எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மீண்டும் மீண்டும் போய்ச் சொன்னார், நிம்மதி கிடைக்கவில்லை. ‘மிகத் தெளிவாகத் தெரிகிற பாவம் இருந்தாலொழிய பழையதைச் சொல்லாதே’ என்றார் குருவானவர். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்ததால் அந்தக் கட்டளையால் பயன் இல்லாமல் போயிற்று! இந்த அவதியில் இருந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். அறையில் இருந்த பெரிய குழியில் குதித்துச் செத்துப்போகலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார், குரு கட்டளையிட்டபின்தான் சாப்பிட்டார். கடைசியில், பழைய பாவங்களை இனி ஒருபோதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு விடுதலை கிடைத்தது.

பின்னாளில் ஆன்மிகப் பயிற்சிகளுக்கான தம் குறிப்புகளில் அவர் ஓர் உதாரணம் சொல்கிறார். இரண்டு வைக்கோல் துரும்புகள் சிலுவைபோல் கிடக்கின்றன. தெரியாமல் மிதித்துவிட்டவன் ‘பாவம் செய்தேன்’ என்று தானே முடிவு கட்டினால் அது வெறும் தவறான தீர்ப்பு. ஆனால் மிதித்தபின், ‘பாவம் இல்லை என்றுதான் படுகிறது, ஆனாலும் ஒருவேளை...’ என்று மனம் இழுபறியில் சிக்கினால், அதுதான் உண்மையான ஸ்க்ரூபுலுஸ். ஆக, இதன் உயிர் அச்சத்தில் இல்லை, ஆதாரமில்லாத சந்தேகத்தில் இருக்கிறது.

இங்கே மனச்சாட்சி என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். இதற்கான கிரேக்கச் சொல் ‘சினெய்தேசிஸ்’, லத்தீன் சொல் ‘கொன்சியென்சியா’. இரண்டுக்கும் ‘உடன் அறிதல்’ என்பதே வேர்ப்பொருள். நாம் செய்ததை நம்மோடு இருந்து அறிந்த ஒன்று. தமிழில் அது சாட்சி ஆயிற்று. ‘சாட்சி’ வடமொழி வழி வந்தது என்பதால் இன்றைய கத்தோலிக்க விவிலியத்தில் ‘மனச்சான்று’ என்கிறோம். இரண்டில் எதைச் சொன்னாலும் சரிதான். அதற்கும் முன்னால் நமக்கு ‘நெஞ்சு’ இருந்தது. ‘தன்நெஞ்சு அறிவது பொய்யற்க’ என்கிறது குறள், மீறினால் ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’. சுடுகிற நெஞ்சு, தான் அறிந்ததற்காகவே சுடுகிறது. அறியாததற்காக அல்ல.

சாட்சியின் வேலை கண்டதைக் கண்டபடி சொல்வது. காணாததைச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த நாம், நம் மனம் நமக்கு எதிராகச் சொல்லும் பொய்ச்சாட்சியை மட்டும் ஏன் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்?

சாவான பாவம் என்றால் மூன்று சேர வேண்டும் என்பது திருச்சபையின் போதனை: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு வேண்டும், மனம் விரும்பிச் சம்மதிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தோன்றி மறைந்த ஒரு கெட்ட நினைப்பில் முழுச் சம்மதம் எங்கே இருக்கிறது? நன்றாக யோசித்தும் நினைவுக்கு வராமல் விடுபட்ட பாவமும் மன்னிக்கப்பட்டதே. கனமான பாவம் பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். நள்ளிரவு முதல் ஒன்றும் உட்கொள்ளாமல் நன்மை வாங்கிய காலத்தில், பல் தேய்க்கும்போது ஒரு துளி தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று கலங்கியவர்கள் உண்டு. 1953-இலேயே தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்துவிட்டார். இன்று ஒரு மணி நேர உபவாசம்தான், தண்ணீரும் மருந்தும் அதில் தடையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எதையும் பாவம் என்று எண்ணாத தளர்ந்த மனச்சான்று அது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்லக் கூடாது. தடித்த மனத்தை அலகை (சாத்தான்) இன்னும் தடிப்பாக்கும், மெல்லிய மனத்தை இன்னும் மெலிதாக்கும், அதனால் அவரவர் எதிர்த்திசையில் நடக்க வேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். ‘நன்றாக ஆத்தும சோதனை செய்’ என்ற பிரசங்கம் முதலாமவருக்கு மருந்து. இரண்டாமவர் ஏற்கெனவே அதைத்தான் இரவெல்லாம் செய்துகொண்டிருக்கிறார்! அவருக்கு, ஒரே குருவிடம் போய் அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவதே வழி என்றார் 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புனிதர் அல்போன்ஸ் லிகோரி. தாமே இந்த அவதியில் உழன்றவர் அவர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களின் பாதுகாவலராக 1950-இல் அறிவிக்கப்பட்டவரும் அவர்தான். சிலருக்கு இது, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் ஓசிடி என்கிற மனநோயின் வடிவமாகவும் இருக்கும். அப்போது குருவோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உறுத்தல்’ நம்மிடம் தயாராக இருக்கிறது. கண்ணில் விழுந்த தூசியும் உறுத்துகிறது, செருப்புக்குள் கல்லும் உறுத்துகிறது, மனமும் உறுத்துகிறது. லத்தீன் சொல்லின் படம் அப்படியே இதில் இருக்கிறது. ஆனால் திருடியவனுக்கு வரும் நியாயமான உறுத்தலையும் இதே சொல்தான் குறிக்கிறது. அதனால் முன்னால் ஒரு ‘வீண்’ சேர்த்து ‘வீண் உறுத்தல்’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. ‘ஐயுறு மனச்சான்று’ என்று ஏட்டுத்தமிழிலும் சொல்லலாம்தான், ஆனால் கலங்கிப்போய் வந்து நிற்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல முடியாது. ‘அம்மா, இது பாவமில்லை, வீண் உறுத்தல். போய் நன்மை வாங்குங்க’ என்று ஒரு குருவானவர் சொன்னால், கேட்கிறவருக்கு உடனே விளங்கும்.