பழைய பிரிண்டரை எறிய முன்

புது லப்டொப் வந்த கையோடு, வேலை செய்யாத பழைய பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு திருகோணமலையில் உள்ள என் கடைக்கு வருபவர்கள் அநேகமாக ஒன்றைத்தான் கேட்பார்கள்: "தம்பி, இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கட்டோ?" பெரும்பாலும் பிரிண்டரில் ஒரு பழுதும் இருக்காது.

உவர்மலை ரீச்சர் ஒருவரின் பிரிண்டர் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. முதல் தாளின் உச்சியில் விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி, பிறகு 'பிஎஸ்-அடோபி'. கீழே முழுக்கக் கட்டளை வரிகள். அதைப் பார்த்தாலே விளங்கிவிடும். பக்கம் எப்படி இருக்க வேண்டுமென்று பிரிண்டருக்குச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டளை மொழியில் கணினி அனுப்புகிறது. அது தெரியாத பிரிண்டர் வெறும் எழுத்தென்று நினைத்து அச்சடிக்கிறது. பிரிண்டரை நிறுத்தினால் மட்டும் போதாது, திரும்பப் போட்டதும் மிச்சத்தையும் அடிக்கும். கணினியில் வரிசையில் நிற்கும் வேலையை ரத்துச் செய்யுங்கள். ரீச்சருக்குச் சரியான டிரைவரை, அதாவது கணினி பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருளை, தெரிவு செய்ததோடு விஷயம் முடிந்தது.

பொருத்தமான டிரைவரே இல்லையென்றால்தான், கோப்பைப் பிரிண்டருக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருள் வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் இலவசம், பிடிஎஃப்பைப் பக்கப் படமாக்கித் தரும். எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரிண்டர்கள் பக்கத்தைத் தாமே உருவாக்காதவை, கணினிதான் உருவாக்கி அனுப்ப வேண்டும். லினக்ஸில் அந்தப் படத்தை அவை ஏற்கும் வடிவுக்கு மாற்றும் இலவச டிரைவர் உண்டு. பிரிண்டரைப் போடும்போதெல்லாம், அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் கணினிதான் ஏற்ற வேண்டும். கரண்ட் போய் வந்தபின் அடிக்கவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்.

தமிழ் மட்டும் குழம்புகிறதா? யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள், எழுத்துருவும் உள்ளே பதிந்து வரும்.

என் பெரிய கவலை வேறு. கோப்பை மாற்ற வேண்டுமென்று கூகுளில் முதலில் வரும் தளத்தில் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். இத்தகைய இலவசத் தளங்களைப் பற்றி 2025 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் எச்சரித்தது. சில தளங்கள் சொன்னபடி மாற்றித் தரும், கூடவே கணினிக்குக் கேடு செய்யும் தீநிரலையும் அனுப்பும். ஏற்றிய கோப்பிலுள்ள விவரங்களையும் உருவும். கோப்பு ஒழுங்காகக் கைக்கு வந்துவிடுவதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

வேர்ட் கோப்புக்கு எந்தத் தளமும் தேவையில்லை. 'சேவ் அஸ்' கொடுத்தாலே பிடிஎஃப் ஆகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' கூடவே வருகிறது. டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். 'உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன' என்று பயமுறுத்திக் காசு கேட்கும் மென்பொருளைத் தொடவே வேண்டாம்.