ஒரே வரம்பை இரண்டு தரம் வரைவானேன்?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையைச் செய்மதிப் படத்தின் மேல் வைத்து வரைய உட்கார்ந்து பாருங்கள், கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கும். கரை எங்கும் நேராகப் போவதில்லை. புளியந்தீவைச் சுற்றி வளைகிறது, படுவான்கரைப் பக்கம் கண்டல் காட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறது.

வரைபட மென்பொருளுக்குக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. அது வைத்திருப்பதெல்லாம் புள்ளிகள்தான். அவற்றை நேராக இணைத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்வது பழைய முறை. மவுஸை இழுத்துக்கொண்டே போனால் தானாகப் புள்ளி விழும் வசதி பிறகு வந்தது. சுகம்தான், ஆனால் கை நடுங்கியதும் சேர்ந்து பதிவாகும். யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோட்டுக்கு 2000 புள்ளிதான் உச்சம். வாவிக் கரைக்கு அது எந்த மூலைக்கு?

வேண்டாத புள்ளிகளைக் கழிக்க 1973இல் டக்ளஸ், பொய்க்கர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வழியே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கோட்டின் இரு முனைகளையும் நேராக இணை. அந்த நேர்கோட்டிலிருந்து ஆகத் தூரத்தில் நிற்கும் புள்ளி எது என்று பார். அது நாம் சொன்ன அளவுக்குள், இரண்டு மீற்றர் என்று வைப்போம், இருந்தால் இடையிலுள்ள எல்லாம் போகலாம். மீறினால் அந்தப் புள்ளி தங்கும். கோடு அதில் இரண்டாகப் பிரியும். இரு பாதிக்கும் அதே கணக்கு மறுபடி. கை நடுக்கம் போய்விடும், உண்மையான குடா நிற்கும்.

சரி, வயலுக்கு வருவோம். உண்மையான சிக்கல் அங்கேதான். அம்பாறைப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், அடுத்தடுத்த இரண்டு வயலுக்கு நடுவே இருப்பது ஒரே வரம்பு. இரண்டையும் தனித்தனியாக வரைந்தால் அதை இரண்டு தரம் வரைகிறோம். கை ஒரே இடத்தில் இரண்டு தரம் போகாது. சில இடத்தில் இடைவெளி விழும், சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பரப்பைக் கூட்டினால் ஒரு துண்டு யாருக்கும் இல்லை, இன்னொன்று இரண்டு பேருக்கும்.

ஸ்னாப்பிங் இதற்கான மருந்து. சுட்டி பழைய புள்ளிக்குப் பக்கத்தில் வந்ததும் காந்தம் போல அதில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு பக்கத்தில் என்பதைப் பெரும்பாலும் திரையின் பிக்சலில்தான் சொல்கிறோம். 10 பிக்சல் என்று வைத்தால், இணைய வரைபடத்தின் 19ஆம் பெருக்க நிலையில் அது நம் ஊரில் சுமார் 3 மீற்றர். 15ஆம் நிலைக்கு விலகிப் போனால் அதே 10 பிக்சல் சுமார் 47 மீற்றர்! பக்கத்து வரம்பைத் தாண்டி அதற்கும் அடுத்ததில் போய் ஒட்டும். வரைபவர் நெருங்கித்தான் வேலை செய்ய வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, ஏற்கெனவே உள்ள வரம்பின் தொடக்கத்தையும் முடிவையும் தொட்டால் நடுவிலுள்ள அத்தனை புள்ளிகளையும் தானே எடுத்துக்கொள்ளும் கருவி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இது உண்டு. ஆனால் அப்புறம் இரு வயலையும் தனித்தனியாக மேலே சொன்ன முறையில் எளிமையாக்கினால், தொடங்கும் முனை வேறாக இருப்பதால் தங்கும் புள்ளிகளும் வேறாகலாம். இடைவெளி திரும்ப வரும். அதனால்தான் டோப்போஜேசன் போன்ற கோப்பு வடிவங்கள் வரம்பை ஒரே ஒரு தரம் சேமித்து, இரண்டு வயலும் அதைச் சுட்டும்படி வைக்கின்றன.

எல்லாவற்றையும் ஒட்டிவிடுவதும் ஆபத்து. வாவியோரமாகப் போகும் வீதியைக் கரைப் புள்ளிகளிலேயே ஒட்டிவிட்டோம் என்று வையுங்கள். மாரிகாலப் படத்தைப் பார்த்து இன்னொருவர் கரையை நகர்த்தினால் வீதியும் கூடவே தண்ணீருக்குள் இறங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வரையும் ஜோசம் மென்பொருளில் வரையும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால் ஒட்டாது. ஆனால் விசையை ஆளுக்கு ஆள் மறந்துபோவார்கள். வயல் ஒரு அடுக்கு, வீதி இன்னொரு அடுக்கு என்று பிரித்து, எந்த அடுக்கில் மட்டும் ஒட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல கியூஜிஐஎஸ் விடுகிறது. வயல் வயலோடு ஒட்டட்டும், வீதி வீதியோடு ஒட்டட்டும் என்று ஒரு தரம் வைத்துவிட்டால் போதும்.