ஊரைத் திட்டுறவங்களும் ஊரை நெனச்சு அழுறவங்களும்

கொஞ்ச நாள் முன்னாடி வீடியோ கால்ல ஒருத்தர் கேட்டாரு. "மேடம், எங்க நாட்டுல ஒரு பெரிய விபத்துன்னு நியூஸ் பாத்தேன், மொதல்ல எனக்கு வருத்தமே வரல, அப்பாடா நல்லவேளை நாம கெளம்பி வந்துட்டோம்னு ஒரு நிம்மதி தான் வந்துச்சு, ஒரு செகண்ட் தான், அதுக்கப்புறம் அழுதுட்டேன், ஆனா அந்த ஒரு செகண்டை நெனச்சா என்னையே எனக்குப் புடிக்கல, நான் கெட்டவனா?"

அவர் வெளிநாடு போய் 11 வருஷம் ஆச்சு. இந்த 11 வருஷத்துல இந்த விஷயத்தை யார்கிட்டயும் சொன்னதில்லையாம், பொண்டாட்டிகிட்ட கூட.

நான் மனநல ஆலோசகர். என்கிட்ட பேசறவங்கள்ல நெறைய பேர் பொறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல வாழறவங்க. இதுல வர்ற ஆளுங்களோட விவரத்தை எல்லாம் அடையாளம் தெரியாத மாதிரி மாத்திட்டேன், எந்த நாட்டுலேந்து எந்த நாட்டுக்குப் போனாங்கன்னும் வேணும்னே சொல்லல. சொல்லவேண்டிய அவசியமும் இல்லைங்க, பாஸ்போர்ட் கலர் மாறுதே தவிர வர்ற அழுகை ஒண்ணா தான் இருக்கு. 2024 ஐ.நா. கணக்குப்படி பொறந்த நாட்டுக்கு வெளியில வாழறவங்க உலகத்துல 30 கோடிக்கு மேல, அதனால இது ஏதோ நாலு பேரோட பிரச்சனைன்னு நெனச்சுக்காதீங்க.

பொறந்த நாட்டைப் பத்திப் பேசச் சொன்னா ரெண்டு விதமா தான் ஆரம்பிப்பாங்க. ஒரு விதம், "அந்த நாடு உருப்படாது மேடம்". இன்னொரு விதம், "அங்க இருந்த மாதிரி வாழ்க்கை எங்க வரும் மேடம்". ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சா சண்டை தான் வரும், குடும்ப வாட்ஸப் குரூப்லயே பாத்திருப்பீங்க. ஆனா நான் இத்தனை வருஷமா கேட்டுக் கேட்டு புரிஞ்சுகிட்டது என்னன்னா, இவங்கள்ல முக்காவாசிப் பேர் நாட்டைப் பத்தியே பேசல, "நான் வந்தது சரியா தப்பா"ன்னு தனக்குள்ள ஓடிட்டு இருக்கற ஒரு வழக்குக்கு சாட்சி தேடிட்டு இருக்காங்க, அவ்வளவு தான்.

லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1957ல ஒரு விஷயம் சொன்னாரு. பெரிய முடிவு ஒண்ணை எடுத்துட்டோம்னா, மனசு சும்மா இருக்காது, எடுத்தது சரின்னு காட்ட ஆதாரம் சேத்துகிட்டே இருக்கும், நாம விட்டுட்டு வந்த பக்கத்தோட நல்லதைக் கொறச்சும் எடுத்துகிட்ட பக்கத்தோட நல்லதைக் கூட்டியும் காட்டும், அப்ப தான் நிம்மதியா தூங்க முடியும். இப்ப நாட்டை விட்டுப் போறதை விடப் பெரிய முடிவு என்ன இருக்கு சொல்லுங்க, அப்பா அம்மா, பேசற பாஷை, கூடப் படிச்சவங்க, எல்லாத்தையும் ஒரே கையெழுத்துல விட்டுட்டு வந்திருக்கோம். அதான் அங்கேந்து ஒரு கெட்ட நியூஸ் வந்தா அந்த ஒரு செகண்ட் நிம்மதி. வழக்குல நம்ம பக்கத்துக்கு ஒரு பாயிண்ட். அதே மாதிரி அங்கேயே இருந்துட்ட ஃப்ரெண்டு நல்லா முன்னேறிட்டான்னு கேட்டா உள்ள ஏதோ ஒண்ணு கசக்கும், அது பொறாமைன்னு நெனச்சு வெக்கப்படுவாங்க. பொறாமையும் கொஞ்சம் இருக்கும் தான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பங்கு இந்த வழக்கு தான்.

அவர்கிட்டயும் இதைத் தான் சொன்னேன், நீங்க கெட்டவர் இல்ல, கெளம்பி வந்ததை இன்னும் உங்களால மன்னிக்க முடியல.

இன்னொரு பக்கத்துக்கு வர்றேன். ஊரைத் தூக்கி வச்சுப் பேசறவங்க. இதை 330 வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஒரு வியாதியா எழுதி வச்சிருக்காங்கன்னா நம்புவீங்களா, 1688ல. யோஹான்னஸ் ஹோஃபர்னு 19 வயசு மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்து பேசல் நகரத்துல, தன்னோட ஆய்வுக்காக ஒரு பேரை உண்டாக்கினாரு, வீடு திரும்புதலுக்கான கிரேக்க வார்த்தையையும் வலிக்கான கிரேக்க வார்த்தையையும் சேத்து நாஸ்டால்ஜியா. இன்னைக்கு நாம பழைய பாட்டு கேட்டா சொல்ற அதே வார்த்தை தான், ஆனா அவர் அதை உயிருக்கே ஆபத்தான நோய்னு எழுதினாரு. அவர் சொல்ற கேஸ்ல ஒண்ணு பெர்ன்லேந்து பேசலுக்குப் படிக்க வந்த பையன், ஏக்கத்துல படுத்த படுக்கையாகி, ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னதும் வழியிலேயே தேற ஆரம்பிச்சுட்டான். பெர்னுக்கும் பேசலுக்கும் இன்னைக்கு ரயில்ல ஒரு மணி நேரம் தான். தூரத்துக்கும் ஏக்கத்துக்கும் சம்பந்தமே இல்லைங்கறதுக்கு இதை விட என்ன வேணும். (இப்ப இதை யாரும் நோயா பாக்கறதில்ல, அளவோட இருந்தா மனசுக்கு ஒரு ஊன்றுகோல்னு தான் ஆராய்ச்சி பண்றவங்களே சொல்றாங்க.)

கல்ச்சர் ஷாக்னு நாம சகஜமா சொல்றோமே, அந்த வார்த்தையைப் பரவலாக்கினவர் கலெர்வோ ஓபெர்க்ங்கற மானுடவியலாளர். 1960ல வந்த கட்டுரையில அவர் ஒரு விஷயத்தை அழகா புடிச்சிருக்காரு, புது நாட்டுல சிரமப்படற கட்டத்துல சொந்த நாடு திடீர்னு சொர்க்கமா தெரிய ஆரம்பிக்கும், அங்க பட்ட கஷ்டம் அத்தனையும் மறந்து நல்லது மட்டும் ஞாபகம் வரும், ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா தான் தெளியும்னு.

தெளியும்னு அவர் சொல்லிட்டாரு, ஆனா அந்தத் தெளியறது எவ்வளவு வலிக்கும்னு என்கிட்ட வர்றவங்களைக் கேக்கணும். ஒரு அம்மா, வயசு 40 இருக்கும், 6 வருஷம் கழிச்சு 3 வாரம் லீவுல போனாங்க. மொத நாள் ஏர்போர்ட்ல கட்டிப்புடிச்சு அழுகை, ரெண்டாவது நாள் உறவு ஜனம் பூரா வீட்டுல, நாலாவது நாள் அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க போயிட்டாங்க. இவங்க மட்டும் ஹால்ல உக்காந்திருக்காங்க. வீட்டுல எந்த சாமான் எங்க இருக்குன்னு தெரியல, எல்லாரும் சிரிக்கற ஜோக்கு எதுக்குன்னு புரியல, தம்பி பொண்டாட்டி "அண்ணி நீங்க உக்காருங்க"ன்னு சொல்லிகிட்டே இருக்காங்க. "என்னை விருந்தாளியாக்கிட்டாங்க மேடம்"னு சொல்லி அழுதாங்க. நியாயமா பாத்தா யாரும் எந்தத் தப்பும் பண்ணல. இவங்க இல்லாம வாழ அந்த வீடு கத்துகிச்சு, கத்துக்காம எப்படி இருக்க முடியும். ஆனா இவங்களுக்கு வந்தது கோவம், அந்தக் கோவத்தை வீட்டு மேல காட்ட முடியாம ரோட்டு மேல, வரிசை மேல, கவர்மெண்ட் ஆபீஸ் மேல காட்டினாங்க, "நாங்க இருக்கற நாட்டுல எல்லாம் இப்படி இல்ல"ன்னு பத்து தடவை சொல்லியிருக்காங்க, வீட்டுல இருந்தவங்க "ரொம்பத் தான் மாறிட்டா, திமிரு"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. அங்கேயே இருக்கறவங்க இதைப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கறேன், வந்தவங்க குறை சொன்னா உடனே சண்டைக்குப் போகாதீங்க, ஒரு வேலை குடுங்க, வீட்டுல ஒரு பொறுப்பு குடுங்க.

பாலின் பாஸ்ங்கற குடும்ப சிகிச்சை நிபுணர் 1970கள்லேந்து எழுதிட்டு வர்ற ஒரு கருத்து எனக்கு இந்த வேலையில ரொம்ப உதவுது. ஆள் செத்துப் போனா அழுது முடிச்சு ஒரு நாள் எந்திரிச்சிடலாம், ஆனா போர்ல காணாமப் போனவங்க, மறதி நோய் வந்தவங்க மாதிரி இருந்தும் இல்லாத ஒருத்தரை இழந்தா அந்தத் துக்கத்துக்கு முடிவே இருக்காது, தெளிவில்லாத இழப்புங்கறாங்க. நாட்டை விட்டு வந்தவங்களுக்கும் அதே கதை தானே, நாடு அங்கேயே தான் இருக்கு, டிக்கெட் போட்டா போயிடலாம், அப்புறம் எதுக்கு அழுகைன்னு அடுத்தவங்க கேப்பாங்க, "நல்லா சம்பாதிக்கற, உனக்கென்ன குறை"ன்னு. அதனால அழாம அடக்கி, அது ராத்திரி 2 மணி வரைக்கும் போன்ல சொந்த நாட்டு நியூஸ் பாக்கறதா வெளிய வருது, ஒருத்தர், தான் இப்ப இருக்கற நாட்டுல யாரு ஆட்சின்னு தெரியாம சொந்த நாட்டுல ஒவ்வொரு தொகுதி நிலவரமும் சொல்றாரு.

போர்லயோ பயத்துலயோ தப்பிச்சு வந்தவங்களை இதுல சேக்க மாட்டேன். அவங்க முடிவு பண்ணி வரல, வழக்கே கிடையாது, வேற வலி, அதைத் தனியா தான் எழுதணும்.

பிள்ளைங்க விஷயம் மட்டும் சொல்லிடறேன், இதுல தான் எனக்குக் கோவமே வரும். சாப்பாட்டு மேசையில தினமும் அப்பா பொறந்த நாட்டைக் கழுவி ஊத்தினா அது அரசியல் பேச்சுன்னு நாம நெனைக்கறோம், 8 வயசுப் பிள்ளைக்கு அது அப்படிக் கேக்காது, அந்த மோசமான நாட்டுல தானே தாத்தா பாட்டி இருக்காங்க, நாமும் அங்கேந்து வந்த ஆளு தானேன்னு கேக்கும். "உங்க நாடு"ன்னு பிள்ளை சொன்னான்னு அழற அப்பா அம்மாவை நெறையப் பாத்திருக்கேன். இதுக்கு நேர் எதிரா, "நம்ம ஊருல இப்படியா"ன்னு எப்பப் பாத்தாலும் சொர்க்கம் காட்டற வீட்டுல, பிள்ளைக்கு தான் பொறந்து வளர்ற இடம் தப்பான இடம்னு ஆயிடுது. நல்லதும் சொல்லுங்க கெட்டதும் சொல்லுங்க, ஒரே நாள்ல ரெண்டையும் சொல்லுங்க.

நான் வழக்கமா ரெண்டு விஷயம் சொல்வேன். லீவு முடிஞ்சு வந்த மொத மாசத்துலயும் வீட்டுல ஒரு சாவு நடந்த கையோடயும் "திரும்பிப் போயிடலாமா"ங்கற முடிவை எடுக்காதீங்க, போகவே வேணாம்ங்கற முடிவையும் எடுக்காதீங்க. அப்புறம், ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் சாப்பாடு கெட்டு, வேலை பாக்க முடியாம, குடி கூடி, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற நெனப்பு வந்தா அது ஊர் ஞாபகம் இல்லைங்க, மனச்சோர்வா இருக்கலாம், இருக்கற நாட்டுலயே டாக்டரைப் பாருங்க, செத்துடலாம்னு தோணினா நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே.

மொதல்ல சொன்னேனே, அந்த நல்லவேளைக்காரர். அவருக்கு ஒரு சின்ன வேலை குடுத்தேன். உங்க மனசுல இருக்கறது எந்த வருஷத்து நாடுன்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சு தான் கெளம்பின வருஷத்தைச் சொன்னாரு. சரி, அடுத்த தடவை அம்மாகிட்ட பேசும்போது உடம்பு எப்படி இருக்கு, பணம் வந்துச்சான்னு கேக்கறதை விட்டுட்டு, நீங்க போனதுக்கப்புறம் தெருவுல புதுசா என்ன வந்துச்சு, யார் வந்தா யார் போனான்னு மட்டும் கேளுங்க, பதிலுக்கு இங்க எப்படின்னு ஒப்பிட்டு எதுவும் சொல்லாதீங்கன்னேன்.

அடுத்த செஷன்ல வந்து சொன்னாரு, அம்மா 40 நிமிஷம் பேசினாங்களாம், வழக்கமா 5 நிமிஷத்துல வச்சிடறவங்க. "அவங்க சொன்ன பேர்ல பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியல மேடம், சும்மா உம் கொட்டிகிட்டே இருந்தேன்" னாரு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழமை மீதிக் கதை சொல்றேன்னு இருக்காங்க" னாரு.