டோஸ் – வேளையளவு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிளினிக்குக்குப் போய்வருபவர்களின் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல் ‘டோஸ்’. ‘டொக்டர் டோஸைக் கூட்டிப்போட்டார்’ என்னும்போது அது மருந்தின் அளவைக் குறிக்கிறது; ‘இராத்திரி டோஸ் விட்டுப்போச்சு’ என்னும்போது ஒரு வேளைக்குரிய மருந்தையும், ‘ரெண்டாம் டோஸ் ஊசி’ என்னும்போது தவணையையும் குறிக்கிறது.

கிரேக்க மொழியில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். இலத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் புகுந்து, மருத்துவமனைகள் வழியாக நம்மிடம் வந்தது. சொல் வருவதற்கு முன்பே கருத்து இங்கு இருந்தது. சித்த வைத்தியம் மருந்தை மிளகளவு, பயறளவு, சுண்டைக்காயளவு என்று அளந்தது; ‘அந்தி சந்தி’ என்று வேளையைக் குறித்தது; தேனிலா இஞ்சிச் சாற்றிலா என்று அனுபானத்தையும் சேர்த்தே சொன்னது.

‘மாத்திரை’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அளவு என்னும் பொருளுடைய வடமொழி ‘மாத்ரா’விலிருந்து வந்த இச்சொல்லைத் தொல்காப்பியம் கண்ணிமைக்கும், கைநொடிக்கும் நேரத்தின் அளவாக ஆள்கிறது, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தது அதுவே. தமிழ்நாட்டில் இன்று அது விழுங்கும் மருந்தின் பெயராகிவிட்டது. சிங்களத்திலோ ‘மாத்ராவ’ என்பது இன்றும் டோஸையே குறிக்கிறது. நாம் சொல்லும் ‘குளிசை’, சிறு உருண்டை என்னும் பொருளுடைய ‘குளிகை’யின் திரிபு. ஆக, மாத்திரை அளவால் வந்த பெயர். குளிசை வடிவால் வந்த பெயர்.

குளிசை நல்ல சொல். அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் குளிசையின் எண்ணிக்கையையே மருந்தின் அளவாகக் கொள்வது ஆபத்தானது. தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசையில் காலையில் இரண்டு போட்டு வந்தவருக்கு அடுத்த மாதம் 100 மைக்ரோகிராம் குளிசை கிடைத்தால், பழைய வழக்கப்படி இரண்டு போடுவது இரட்டிப்பு அளவாகிவிடும். மருந்து உறையில் பெயரும் அதனருகே மில்லிகிராமோ மைக்ரோகிராமோ எழுதப்பட்டிருந்தாலும், பலருடைய கண் நேரே காலை, பகல், இரவு என்ற கட்டங்களுக்கே போகிறது. மருந்து கொடுக்கும் யன்னலில், ‘மனே, போன மாசம் தந்தது வெள்ளை, இது ரோசாவாக் கிடக்கு, ரெண்டும் ஒண்டா?’ என்று உறையை நீட்டிக் கேட்கும் தாய்மாரைக் காணலாம். அதைவிடச் சரியான கேள்வி இல்லை. தயாரிக்கும் நிறுவனம் மாறினால் அதே மருந்தின் நிறம் மாறலாம். நிறம் மாறாமலே அளவு மாறவும் கூடும். வரிசை நீண்டிருந்தாலும் அந்தக் கேள்விக்கு மருந்தாளர் நின்று விடை சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதியதையும் உறையில் எழுதியதையும் ஒப்பிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

அளவைப் போலவே வேளையும் டோஸின் பாதி. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். அதையே நாள்தோறும் எடுத்தால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், எந்தக் கிழமை என்று உறையில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நோன்பு காலத்தில் ‘மூன்று வேளை’ என்பதற்குப் பகல் வேளையே இல்லாமற் போகிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் பகல் டோஸைத் தாமாகவே சஹருக்கு, அதாவது விடியுமுன் உண்ணும் வேளைக்கு, மாற்றினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். எனவே நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டு வேளைகளைத் திருத்திக்கொள்வது அவசியம். விடியுமுன் வெறும் வயிற்றோடு வட்டைக்குப் போகும் விவசாயியும் அதைச் சொல்லியே மருந்து எழுதுவிக்க வேண்டும்.

இதனால்தான் ‘மருந்தளவு’ என்ற வழக்கமான பெயர்ப்பு எனக்குப் போதியதாகத் தோன்றவில்லை. அதில் எவ்வளவு என்பது இருக்கிறது, எப்போது என்பது இல்லை. ‘வேளையளவு’ இரண்டையும் தாங்குகிறது, கேட்டவுடன் விளங்குகிறது. தடுப்பூசிக்கு அது பொருந்தாது. அங்கே ‘இரண்டாம் தடவை ஊசி’ என்பதே இயல்பு.

‘ஓவர்டோஸ்’ என்பதற்கு ‘மிகையளவு’ என்ற சொல் உண்டு. வேண்டுமென்றே விழுங்குவதை மட்டும் குறிப்பதாகப் பலர் அதை எண்ணுகின்றனர். காய்ச்சலுக்கு வைத்தியசாலை தந்த பரசிற்றமோலோடு வீட்டிலிருந்த பனடோலையும் சேர்த்துப் போடுவதும் மிகையளவுக்குக் கொண்டுபோய்விடலாம். பெயர் இரண்டானாலும் மருந்து ஒன்றே. வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசையில் எட்டு என்பதே அதன் உச்ச எல்லை. உடல் எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் எல்லை அதைவிடக் குறைவு. எல்லை தாண்டியது தெரிந்தால், உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காத்திராமல், இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஈரல் பாதிப்பு முதல் நாளில் வெளித்தெரியாமல் இருக்கலாம். நச்சை முறிக்கும் மாற்று மருந்து, விழுங்கிய முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்கு பலன் தரும்.